மூன்றாம் அடுக்கின் உருண்டை

பேராசிரியருக்கு மூன்றாம் அடுக்கு வேண்டும். இன்றே வேண்டும். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்பது அவருடைய பிறவிக் குணம்.

ஆராய்ச்சிக்காக வெட்டிய குழியில் ஐந்து அடுக்கு மண். ஒவ்வொன்றிலும் கோலிக்குண்டு அளவில் இரும்பு உருண்டைகள். மழையில் மண் ஊறினால் இரும்பு கரையும், காய்ந்தால் உருண்டையின் மேல் படியும். அதைப் பொடித்து எக்ஸ்ரே கருவியில் வைத்தால் உள்ளே என்ன கனிமம் என்று தெரியும். அந்தக் காலத்தில் மழை கொட்டியதா, பொய்த்ததா என்பதும் தெரிந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக நான் பார்க்கும் வேலை அதுதான். மூன்றாம் அடுக்கின் பை மட்டும் லாரியில் வந்தபோது தொலைந்துபோயிற்று. மறுபடி தோண்டலாம் என்றால், குழி இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடிக் கட்டடம். நடுவில் எண்ணூறு வருடத்தைக் காணவில்லை என்றால் கட்டுரையை ஒருவரும் சீந்த மாட்டார்கள் என்று பேராசிரியர் புலம்பினார்.

 மூன்றாம் அடுக்கின் உருண்டை ஒன்று என் சமையலறை ஜன்னலில் இருந்தது.

அந்தக் குழியை வெட்டியவர் என் வீட்டுக்காரர். ஒரு கல்யாண நாளன்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மூணாவது அடுக்குலயே அழகானது இதுதான். உனக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார்.

அடியில் 3 என்று அவர் கையெழுத்து. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. காலையில் டீ போடும்போது அந்த உருண்டையோடுதான் பேசுகிறேன். பைத்தியமா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை.

நான்கு நாள் மனதோடு மல்லுக்கட்டினேன். கொடுத்தால் பொடியாகிவிடும். கொடுக்காவிட்டால் அவர் வெட்டிய குழியே வீண். ஐந்தாம் நாள் கைக்குட்டையில் முடிந்து எடுத்துப்போனேன். விஷயத்தைக் கேட்டதும், உங்கள் கையாலேயே செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் பேராசிரியர் வெளியே போய்விட்டார். பரவாயில்லை, அவருக்கும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது.

கல்வத்தில் போட்டு ஒரு தட்டுத் தட்டினேன். இரும்பு உருண்டை என்றால் உள்ளே கருப்பும் பழுப்புமாக இருக்கும்; இதில் செக்கச் சிவப்பு. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பொடித்துக் கருவியில் வைத்துவிட்டு நாற்பது நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரைகோட்டில் இரும்பு உருண்டைக்கு உரிய முகடுகளில் ஒன்றைக்கூடக் காணோம். இருந்தது, சூளையில் சுட்ட களிமண்ணில் வரும் கனிமம். செங்கல். தெருவோரம் கிடந்து தேய்ந்த, கருகிய செங்கல் துண்டு.

கல்யாண நாளை மறந்துவிட்டு, வாசலில் குனிந்து பொறுக்கி, சட்டைப்பைப் பேனாவால் 3 போட்டிருக்கிறார் மனுஷன். உருண்டைகளோடே காலம் தள்ளுகிற எனக்கே காது குத்தியிருக்கிறார். ஒருமுறை உரசிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத்தான் மனசு வரவில்லை.

பேராசிரியரிடம் உள்ளதைச் சொன்னேன். தலையில் கைவைத்து உட்கார்ந்தவர், மூன்றாம் அடுக்கைக் காலியாக விட்டே எழுதிவிடலாம் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எல்லாவற்றையும்விடக் கோபம்தான் அதிகம் வந்தது. அவரோடு சண்டை போட இதைவிட நல்ல காரணம் என் வாழ்நாளில் கிடைத்ததில்லை. ஜன்னலில் உருண்டை இருந்த இடத்தில் மட்டும் தூசி இல்லை. அந்த இடத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்?"

"ஆமா" என்று சொல்ல ஆள் இல்லை.