வடக்கு வாசலின் ஒரே ஓட்டு

கடிகாரக்காரரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம் என்று மூன்று நாள் யோசித்தேன். கிடைக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கச்சி சந்தையின் மேற்கு வாசலில் பட்டன் கடை வைத்திருக்கிறாள். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அந்தக் கடையில் ஒரு முக்காலியை நிரப்புவதுதான் என் வேலை. சந்தையில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. ஆண்களுக்கும் கிடையாது, ஆனால் ஆண்களுக்குச் சந்தைக்கு வெளியே நீளமாக ஒரு சுவர் இருக்கிறது. தங்கச்சி காலை ஒன்பதிலிருந்து கடை மூடும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். பதினாலு வருஷமாக இப்படி. போன மாதம் சிறுநீரகத்தில் கல். எடுத்ததை டாக்டர் காட்டினார். அதை வைத்து ஒரு திண்டு கட்டலாம்.

"இன்னொரு தடவை வந்தா ஒரு கிட்னி போயிடும்மா. தண்ணி நிறைய குடிங்க" என்றார்.

"குடிச்சுட்டு எங்க போறது டாக்டர்?" என்றாள் இவள்.

அதற்கு அவர் மருந்து எழுதவில்லை.

சந்தை வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. பொது முற்றத்தின் வடக்கு ஓரத்தில், சாக்கடைக் குழாய் போகிற இடத்தில், பெண்களுக்கு நாலு கழிவறை. செயலாளரான பெயிண்ட் கடைக்காரர் கை தூக்கச் சொன்னார். மொத்தம் நூற்றுப் பதினெட்டுக் கடை. நூற்றுப் பதினேழு கை எழுந்தது. எழுந்த வேகத்தில் மின்விசிறி எதிர்ப்பக்கம் சுற்றியது என்றால் நீங்கள் நம்ப வேண்டும். தூக்காத ஒரே கை கடிகாரக்காரருடையது. அந்தக் கையால் அவர் மூக்கைக் குடைந்துகொண்டிருந்தார்.

ஆனால் எங்கள் சங்கத்தில் கை எண்ணுவது வெறும் உடற்பயிற்சி. விதிப்புத்தகப்படி ஒரு வாசலுக்கு ஒரு ஓட்டு. பொது இடத்தில் எதைக் கட்டவும் இடிக்கவும் நாலு வாசலும் சம்மதிக்க வேண்டும். விதியை மாற்றவும் நாலு வாசலும் சம்மதிக்க வேண்டும். எழுதிய காலத்தில் ஒவ்வொரு வாசலிலும் முப்பது கடை இருந்ததாம். பிறகு வடக்குப் பக்கம் மேம்பாலம் வந்து சாலையை அடைத்தது. கடைகள் ஒவ்வொன்றாகப் போயின. ஷட்டர்கள் துருப்பிடித்தன. மிச்சம் கடிகாரக்காரர் மட்டும். அதாவது வடக்கு வாசல் முழுக்க அவர். சந்தையில் கால்வாசி அவர்.

"வடக்கு வாசல் சம்மதிக்கலை" என்றார், ஏதோ படையோடு வந்தவர் போல.

"ஏன் சார்?" என்று கேட்டாள் தங்கச்சி.

"அந்த நிழல்ல என் ஸ்கூட்டர் நிக்குது."

"ஸ்கூட்டரை வேற இடத்துல விடுங்களேன்."

"விடலாம். ஆனா விடணும்னு விதியில இல்லையே."

அவருடைய வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது, கழிவறை சகிதமாக. என் வாய் அரித்தது. பார்வையாளர்கள் பேசக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது. "மூக்கைக் குடையலாம்னு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டுவைத்தேன். வெளியே அனுப்பிவிட்டார்கள்.

கூட்டம் முடிந்து வந்த தங்கச்சியின் முகத்தில் அழுகை இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை சந்தை லீவுதானே?"

"ஆமா."

"உனக்குச் செங்கல் தூக்க வருமா?"

எனக்கு வரவில்லை. மேற்கு வாசலின் நாற்பத்தொரு கடைக்காரிகளுக்கு வந்தது. காலை ஆறு மணிக்கு எட்டுக் கொத்தனார்கள் வந்தார்கள்; வெயில் தாழ்வதற்குள் சுவர், கூரை, கதவு, குழாய் எல்லாம் முடிந்தன. கண்ணாடிக் கடைக்காரி சுமந்த மூட்டையைப் பார்த்து ஒரு லாரி வெட்கப்பட்டு ரிவர்ஸில் போனது. கடிகாரக்காரர் அன்று தன் மருமகளின் ஊருக்குப் போயிருந்தார். பாவம்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம். கடிகாரக்காரர் கத்திய கத்தலில் அவர் கடைக் கடிகாரங்கள் பத்து நிமிஷம் முன்னால் ஓடின.

"சட்டவிரோதம்! உடனே இடிக்கணும்!"

செயலாளர் புத்தகத்தைப் புரட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி புரட்டினார். அவர் உதடு துடித்ததை நான் ஜன்னல் வழியே பார்த்தேன்; சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பிரசவ வேதனை.

"இடிக்கறதுக்கும் நாலு வாசல் சம்மதம் வேணும் சார்."

"மேற்கு வாசல் சம்மதிக்கலை" என்றாள் தங்கச்சி.

"மீறினவங்களுக்குத் தண்டனை?" என்றார் கடிகாரக்காரர்.

"எழுதலை சார். சேர்க்கணும்னா..."

"நாலு வாசல்!" என்று முழுக்கூட்டமும் கத்தியது.

அந்த வாரம் தங்கச்சி ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்தாள். நான் அவளை அண்டா என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தேன். கடிகாரக்காரர் வழியில் எதிர்ப்பட்டால் வேண்டுமென்றே "மணி என்ன?" என்று கேட்பேன். அவர் பல்லைக் கடிப்பது பிரமாதமாகக் கேட்கும்.

நாங்கள் மறந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும்தான் வருகிறது.

திங்கட்கிழமை வந்து பார்த்தால் கழிவறைக் கதவுகளுக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, ஆளுயரச் சுவர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பக்கவாட்டிலும் அடைத்து, புத்தம்புதுசு. பக்கத்தில் ஸ்கூட்டர். ஸ்கூட்டர்மேல் கடிகாரக்காரர், கல்யாண மாப்பிள்ளை மாதிரி.

"பொது இடத்துல சுவர் கட்டியிருக்கேன். இடிக்கணும்னா கூட்டம் போடுங்க. வடக்கு வாசல் என்ன சொல்லும்னு இப்பவே சொல்லிடறேன்."

கூட்டம் கூடிவிட்டது. ஆளாளுக்குப் பேசினார்கள். தெற்கு வாசல்காரர் தங்கச்சியைப் பார்த்து, "நீங்க ஆரம்பிச்சதும்மா இது. இனிமே ஆளுக்கு ஆள் கட்டுவான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதனாலேயே அவரைக் கடிக்கலாம் போலிருந்தது. செயலாளர் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

தங்கச்சி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. காலையிலேயே ஒரு லிட்டர் குடித்துவிட்டு வந்திருந்தாள். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பிறகு இரும்புக் கடைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்தாள். கைப்பையை என் கழுத்தில் மாட்டினாள்.

"யம்மா, விதிப்படி..." என்றார் செயலாளர்.

"விதிப்படி கூட்டத்தைப் போடுங்க. பேசிட்டே இருங்க."

கடிகாரக்காரர் ஸ்கூட்டரிலிருந்து குதித்தார். "நான் சம்மதிக்கலை! கேக்குதா? வடக்கு வாசல் சம்மதிக்கலை!"

"சரி சார், எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள். சிமென்ட் இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. முதல் குத்திலேயே இரண்டு செங்கல் உள்ளே விழுந்தன.

"நான் உள்ள போயிட்டு வந்துடறேன்."