நாற்பத்தோராவது பெயர்

1

ஒப்புக்கொள்கிறேன்: இந்தக் கதை ஒரு பொறாமையிலிருந்து வந்தது. 1978இல் சிலமலையில் ராஜாராம் செத்தபோது நாற்பது பேருக்குக் கேதம் சொல்ல ஆள் போனது. சாவுச் செய்திக்கு இவ்வளவு ஆளா என்று ஊரே வாய்பிளந்தது. தனக்கு நாற்பத்தொன்று என்று அன்றே முடிவு செய்தார் பங்காளி சோலைமலை.

‘தோட்டத்து வரப்பில் கம்பீரமாக நின்ற சோலைமலை...’

(அடித்துவிட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நாளை மதுரையில் ஆபரேஷன். போடியிலிருந்து ரயிலுக்கு இன்னும் ஒரு மணி நேரம்.)

2

தன் சாவுக்குக் கேதம் சொல்லவேண்டிய பெயர்களை அவர் சொல்லச் சொல்ல மனைவி சந்திரவல்லி எழுதினாள். முப்பத்தாறில் சொந்தம் தீர்ந்துபோனது. முப்பத்தேழு, மாட்டு டாக்டர். முப்பத்தெட்டு, ஏலக்காய்க் கடைக் கணக்கப்பிள்ளை.

“பஸ்சுல பக்கத்துல உக்காந்து வந்தாரே, கம்பத்துக்காரரு. அவரையும் போடு.”

“பேரென்னங்க?”

“பேரா முக்கியம்? கம்பம்னு போடு, போதும்.”

நாற்பது, சொந்தத்தில் கடைசிக்கு ஒதுக்கி வைத்திருந்த ராஜாராமின் மகன். அவன் கட்டாயம் வந்து பார்க்கவேண்டும்.

(மறக்காமலிருக்கத்தான் மனிதர்கள் பட்டியல் போடுகிறார்கள் என்று இந்த இடத்தில் ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அது பலசரக்குச் சீட்டுக்குப் பொருந்தும். இது, நம்மை யாரெல்லாம் மறக்கக்கூடாது என்ற பட்டியல்.)

3

“இன்னும் ஒண்ணு வேணும்டி.”

“ஒண்ணு இருக்குங்க,” என்றாள் சந்திரவல்லி.

யாரென்று அவருக்குத் தெரியும். மகள் செல்லக்கிளி ஆறு வருடத்துக்கு முன்னால் மலைமேல் ஏலத்தோட்டத்துக் கூலிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனவள். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை.

(ஆறு வருடம் அந்தப் பெயருக்கு வாய் திறக்காத சந்திரவல்லி இன்று திறப்பாளா? சந்தேகப்பட்டு இரண்டு பிரதிகளில் அவளை ஊமையாக்கிப் பார்த்தேன். கதை நகரவில்லை.)

‘“அந்தப் பேரு வந்தா தாளைக் கிழிச்சிருவேன்!” என்று சோலைமலை...’

இல்லை. அவர் கத்தவில்லை. கேட்டார்.

“சொல்லிவிட்டும் அவ வரலேன்னா?”

சந்திரவல்லி பேனாவைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமும் கோபம் என்று அவள் நினைத்திருந்தது பயம்.

4

முடிவு ஒன்று: சந்திரவல்லி மகள் பெயரை எழுதுகிறாள், அவர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பத்திரிகைக்காரர்கள் உடனே போடுவார்கள். வேண்டாம்.

முடிவு இரண்டு: கம்பத்துக்காரரின் சம்சாரத்தைச் சேர்த்து நாற்பத்தொன்று ஆக்குகிறார். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் சந்திரவல்லி என்னைக் கேட்காமல் பேசிவிட்டாள்.

“அவ வந்தாளா வரலையான்னு அன்னைக்கு உங்களுக்குத் தெரியவா போகுது? தெரியணும்னா இப்பவே சொல்லிவிடுங்க. கன்னையன் ஜீப்பு தெருமுக்குல லோடு ஏத்திக்கிட்டு நிக்குது. மலைக்குத்தான் போறான்.”

சோலைமலை தாளைப் பார்த்தார். நாற்பது பெயர். நாளைக்கு ஆபரேஷன் என்று அதில் ஒருவருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. கௌரவக் குறைச்சல்.

வெளியே ஜீப்பைக் கிளப்பும் சத்தம். அவர் வாயைத் திறந்தார்.

நாற்பது பெயரையும் அவர் வாயில் போட்டவன் நான். இந்த ஒன்றுக்கு எனக்குத் துணிவில்லை. தெருவுக்குப் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். கன்னையனை நிறுத்துவதா, விடுவதா?

சீக்கிரம். ஜீப் நகர்கிறது.