அல்கஹோல் அற்றது

விடியலில் சுபஹுத் தொழுதுவிட்டு நேரே வந்து காஸ் அடுப்பைப் பற்றவைத்தால்தான் ஏழு மணிக்கு முதல் கலவை இறங்கும். முனவ்வறா மெழுகுச் செதில்களை அள்ளிச் சட்டியில் போட்டு, நீண்ட கோலால் கிண்டினாள். முகத்தில் சூடு அடித்தது. முதுகு வியர்வையில் ஒட்டியது. உருகிய மெழுகை எண்ணெயோடும் கிளிசரினோடும் பெரிய தாங்கியில் ஊற்றித் தோள் கடுக்கக் கடுக்கக் கலக்க வேண்டும். அது ஆறிய பிறகு, மூலையில் நிற்கும் நீலப் பரல் பீப்பாயிலிருந்து இரண்டு வாளி ஸ்பிரிட்.

கல்முனைக் கடற்கரைப் பக்கத்தில், பழைய நெல் களஞ்சியம் ஒன்றைத் தடுத்துப் போட்ட தொழிற்சாலை அது. பன்னிரண்டு பெண்கள் வேலை செய்தார்கள். குழந்தைகளுக்குப் பூசும் 'பூம்பாதம்' லோஷன் அங்கிருந்துதான் அம்பாறைக் கரையோரக் கடைகளுக்கெல்லாம் போனது. போத்தலில் ஒரு தொட்டில் படம். அதற்குக் கீழே பச்சை எழுத்தில் 'அல்கஹோல் அற்றது'.

நீலப் பரல் வந்து மூன்று மாதமாகிறது. லோஷன் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் கொழும்பிலிருந்து எடுத்த மருந்தை முதலாளி காலிதீன் ஹாஜியார் நிறுத்திவிட்டார். அதற்குப் பதிலாக மலிவான ஸ்பிரிட் வந்தது, முழுக்க அல்கஹோல். லேபல் மட்டும் மாறவில்லை. பெண்களின் விரல் மொளிகளில் தோல் வெடித்தது. போத்தல் நிரப்பும் சுலக்சனா, பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புப் பிள்ளை, ஒருநாள் தலைசுற்றி மேசையிலேயே சாய்ந்தாள். "சாப்பிடாம வந்தா அப்படித்தான்" என்றான் மேற்பார்வையாளன் ஜவுபர்.

முனவ்வறாவும் வாய் திறக்கவில்லை. சொன்ன அளவை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அவளோடு ஒன்றாகக் கலவை கலக்கி, பரல் வரும் முன்பே வேலையிலிருந்து நின்றுவிட்ட ஹாஜறா எட்டாம் மாதத்திலேயே பிள்ளை பெற்றிருந்தாள். பெண் குழந்தை. தொழிற்சாலையிலிருந்து ஒரு பெட்டி லோஷன் பரிசாகப் போனது. வார்ட்டிலிருந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஹாஜறா பிள்ளையைக் கழுவி, உடம்பெல்லாம் லோஷன் பூசி, துணியால் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைத்தாள். துணியை அவிழ்த்தபோது தொடையிலும் முதுகிலும் தோல் தீயில் பட்டதுபோலச் சிவந்து உரிந்திருந்தது. பிள்ளை பாலுக்கும் வாய் திறக்கவில்லை, துவண்டு கிடந்தது.

நேற்றுப் பின்னேரம் முனவ்வறா ஆஸ்பத்திரிக்குப் போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் மருந்துத் துணி சுற்றிய அந்தச் சின்ன உடம்பைப் பார்த்தாள்.

"டொக்டர் போத்தலை மணந்து பார்த்தார் ராத்தா" என்றாள் ஹாஜறா. "இது ஸ்பிரிட்டாம். குறைமாசப் புள்ளைட தோல் கடதாசி மாதிரியாம். பூசிப்போட்டுத் துணியால மூடினா ஆவியாப் போக வழியில்லையாம். தோலையும் சுட்டு, உள்ளுக்கும் ஊறிரிச்சாம்." பிறகு முனவ்வறாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானே இப்ப கலக்குறீங்க?"

முனவ்வறா வெளியே நடந்தாள். அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்குப் போனாள், அந்தக் கேள்வியோடுதான் இன்று வேலைக்கும் வந்திருந்தாள்.

கலவை ஆறியது. முனவ்வறா வாளியைத் தொடவில்லை. தாங்கியின் மூடியைப் போட்டு, அதன் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஜவுபர் இரண்டு தரம் கத்திப் பார்த்துவிட்டு ஹாஜியாருக்கு அழைத்தான். கால் மணித்தியாலத்தில் அவருடைய வான் வண்டி வந்து நின்றது.

"என்ன புள்ள, இன்டைக்கு அடம்?" ஹாஜியார் சிரித்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்.

"ஸ்பிரிட் ஊத்த மாட்டன் ஹாஜியார். ஹாஜறாட புள்ள ஆஸ்பத்திரில கிடக்கு."

"கேள்விப்பட்டன். அல்லாஹ்கிட்ட துஆ செய்றன். ஒவ்வொரு புள்ளைக்கு ஒவ்வொரு உடம்பு. அதுக்கு என்ட சாமானா குத்தம்?"

"லேபல்ல அல்கஹோல் இல்லையெண்டு கிடக்கு."

"மத்தக் கம்பனிட போத்தலை எடுத்துப் பாரு. செற்றைல் அல்கஹோல் எண்டு எல்லாரும்தான் அடிச்சிருக்காங்க. நீ படிச்சவள் மாதிரிக் கதைக்காத."

"அது மெழுகு ஹாஜியார்" என்றாள் முனவ்வறா. "பேர்தான் அல்கஹோல். நான் ஒவ்வொரு நாளும் உருக்குற வெள்ளைச் செதில்தான் அது. தோலுக்கு ஒண்டும் செய்யாது, மெதுவாத்தான் ஆக்கும். பரல்ல கிடக்கிறது வேற சாமான். அதுக்குக் கிட்ட நெருப்புக் கொண்டு போகாத எண்டு நீங்கதானே சொன்னீங்க. நெருப்புக் காட்டவே பயப்படுற சாமானைப் புள்ளைட தோல்ல பூசலாமா?"

ஹாஜியாரின் சிரிப்பு நின்றது.

"ஜவுபர், அந்தப் பரல்ல ஒட்டியிருக்கிற சீட்டைக் கிழிச்சு எரி. பரலைப் பின்னால உருட்டு." பிறகு முனவ்வறாவின் பக்கம் திரும்பினார். "நீ இப்பவே வெளிய போ. ஊருக்குள்ள இனி உனக்கு வேலை கிடைக்குதா எண்டு பார்க்குறன்."

நிரப்பும் மேசையில் சுலக்சனா புனலைக் கீழே வைத்தாள். "அப்ப நானும் போறன் முதலாளி."

"நீ இதுக்குள்ள வராத. இது எங்கட ஆக்கள்ட விசயம்."

"ஹாஜறாக்குப் போன பெட்டிக்குள்ள நான் நிரப்பின போத்தலும் போயிருக்கு" என்றாள் சுலக்சனா. "எங்கட ஊர்க் கடையிலயும் இதுதான் விக்குது. அங்க இருக்கிறதும் புள்ளையள்தான்."

அவர்கள் இருவரும் வெளியே வந்தபோது பின்னால் ஏழு பேர் வந்தார்கள். மூன்று பேர் உள்ளேயே நின்றுவிட்டார்கள். கேட் இரும்புச் சத்தத்தோடு மூடியது.

வெயில் ஏறிவிட்டிருந்தது. மதிலோரத்தில் குந்தி, சுலக்சனா கொப்பித் தாளில் சுகாதாரப் பணிமனைக்குக் கடிதம் எழுதினாள். முனவ்வறா சொல்லச் சொல்ல எழுதினாள்: எத்தனை வாளி, எந்த நாளிலிருந்து, யார் சொல்லி. "கலக்கினது நான்தான் எண்டும் எழுது" என்றாள் முனவ்வறா. சுலக்சனா பேனையை நிறுத்திப் பார்த்தாள். "எழுது. அதை மறைச்சா மிச்சத்தை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க." ஒன்பது பேரும் கையெழுத்து வைத்தார்கள். சிலருக்கு வெடித்த விரலால் பேனை பிடிப்பதே வலித்தது.

"கடிதத்தை மட்டும் வச்சு என்ன செய்வாங்க?" ஒருத்தி கேட்டாள். "அதுக்குள்ள பரலை ஒளிச்சிடுவானுகள்."

"கடையில இருக்கிற போத்தலை ஒளிக்கேலாதே" என்றாள் முனவ்வறா. ஹாஜியாரின் பேச்சு ஊரில் எவ்வளவு எடுபடும் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்று தெரியாது.

எழுந்து நடக்கத் தொடங்கியபோது, "ராத்தா" என்று ஒரு குரல் மெல்லக் கூப்பிட்டது. களஞ்சியத்தின் பக்க ஜன்னல். கம்பிக்குள்ளே றிஸ்னா நின்றாள். உள்ளே நின்றுவிட்ட மூவரில் ஒருத்தி. படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு உழைத்துப் போட அவள் ஒருத்திதான். அதனால் யாரும் அவளைக் கோபிக்கவில்லை.

அவள் கம்பிக்கிடையால் கையை நீட்டினாள். பாதி ஈரமான, நான்காய் மடித்த தாள். முனவ்வறா பிரித்தாள். பரலில் ஒட்டியிருந்த சீட்டு. 'கைத்தொழில் பாவனைக்கு மட்டும். எளிதில் தீப்பற்றும். தோலில் படக் கூடாது.' கீழே இறக்குமதி இலக்கம்.

"எரிக்கச் சொல்லி ஜவுபர் எனக்கிட்டத்தான் தந்தார்" என்றாள் றிஸ்னா. "நீங்க ஹாஜியார்ட்ட கதைச்சதையெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் நின்டன்."

"உள்ள போ புள்ள. கண்டா உன்னையும் விரட்டுவாங்க" என்றாள் முனவ்வறா.

றிஸ்னா உள்ளே ஒருதரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு இவர்களைப் பார்த்தாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள். "செருப்பைப் போட்டுக்கொண்டு வாறன்."