பல் வேண்டாத கறி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு மாத இதழ் கேட்டதற்காக ஆட்டு முன்னந்தொடைக் குழம்பின் செய்முறையை எழுதிக்கொண்டிருந்தேன். ‘கறி நன்றாக வெந்ததும் இறக்கவும்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. நன்றாக என்றால் எவ்வளவு? யாருடைய வாய்க்கு? பதில் சொல்ல ஒரு பெண் தேவைப்பட்டாள். தங்கம்மாள் என்று பெயர் வைத்தேன். திருவண்ணாமலையில், தேரடித் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் குடிவைத்தேன். ஆண்டு 1982. செய்முறை இன்னும் என் மேஜையில்தான் கிடக்கிறது.

2

முதல் தொடக்கம்: ‘கோபுரத்தின் மேல் வெயில் ஏறிய நேரத்தில் தங்கம்மாள்…’

[வேண்டாம். இந்த ஊரை எழுதுகிறவர்கள் எல்லாரும் கோபுரத்தில் ஏறித்தான் இறங்குகிறார்கள்.]

இரண்டாம் தொடக்கம்: தங்கம்மாள் வீட்டில் அவள் அண்ணன் சக்கரபாணி ஒரு வாய்த் தண்ணீர் குடித்து எட்டு வருடம் ஆகிறது.

இது நிற்கும். இதையே பிடித்துக்கொண்டு போகிறேன். சக்கரபாணிக்குக் கீழ்பென்னாத்தூரில் நிலம். தங்கை மகள் உண்ணாமலை தன் மகனுக்குத்தான் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். தங்கம்மாளோ அவளை வேலூர்ப் பக்கம் ஒரு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணன் சண்டைக்கு வரவில்லை. கல்யாணத்துக்கு வந்தார், தாய்மாமன் முறையைக் குறையில்லாமல் செய்தார், சாப்பிடாமல் போனார்.

அன்றிலிருந்து அதே கதைதான். பொங்கல் வரிசை தவறாது. மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டையை மார்க்கெட் கமிட்டியில் விற்கப் போட வரும்போதெல்லாம் தங்கை வீட்டை எட்டிப் பார்ப்பார். இலை போட்டால் மட்டும் ஒரு சாக்கு வரும். ‘இப்பதான் ஓட்டல்ல சாப்ட்டேன்.’ ‘பஸ்ஸு போயிடும்.’ ‘இன்னிக்கி கிருத்திகைம்மா.’

ஏன் பெண் கொடுக்கவில்லை என்று அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளிடம் பதில் இருந்தது. என்ன பதில் என்று என்னிடமும் அவள் சொல்லவில்லை.

கேள்வி வராததால் தங்கம்மாள் சாக்குகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தாள். பஸ் நேரங்களைச் சுவரில் எழுதிவைத்தாள். காலண்டரில் கிருத்திகைகளுக்கு வட்டம் போட்டாள். கமிட்டி வாசலுக்கே போய் நின்று, ஓட்டலுக்குத் திரும்புவதற்குள் கூட்டிவந்தாள்.

3

இங்கேதான் எனக்குச் சிக்கல். சாக்கெல்லாம் தீர்ந்துவிட்டால் கதையும் தீர்ந்துவிடும். அதனால் சக்கரபாணியின் பற்களைப் பிடுங்கினேன்.*

“பல்லே இல்லம்மா. செட்டு வர ரெண்டு மாசம் ஆவுமாம். கஞ்சிதான் எறங்குது. எதத் தின்றது சொல்லு?” என்றார் வைகாசி மாதம் வந்தபோது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தங்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள்.

“வர்ற புதங்கிழம வாண்ணா.”

“எதுக்கு?”

“சும்மா வா.”

* கதையின் முதல் பிரதியில் அவருக்குக் கரும்பு கடிக்கிற பற்கள். ஆடிக்கொண்டிருந்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் மனசுக்கும் ஆறுதல்.

4

புதன்கிழமை விடிந்ததும் அவள் கையில் ஒரு குக்கரைக் கொடுத்தேன். “அது கத்தி ஊரக் கூட்டும். எடுத்துகினு போங்க” என்று என்னையே விரட்டினாள்.

மரத்தூள் அடுப்பின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கெட்டியாக இடித்து நிரப்பி, பாட்டிலை உருவினாள். அந்தக் குழியில் பற்றும் தணல் மத்தியானம்வரை ஒரே சீராக இருக்கும். முன்னந்தொடையை எலும்போடு மண்சட்டியில் இறக்கினாள். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, மல்லி. அண்ணனுக்கு ஈறு புண்ணாக இருக்கும் என்று மிளகாய் கம்மி. உப்பு கடைசியில். சீக்கிரம் வேக ஒரு துண்டு கொட்டாங்குச்சி.

(கொட்டாங்குச்சியை நான் நம்பவில்லை, அடித்துவிட்டேன். அவள் மறுபடியும் போட்டாள்.)

முன்னந்தொடை நடந்து நடந்து இறுகிய சதை, லேசில் மசியாது. ஒன்பது மணிக்கு ஒரு துண்டை வாயில் வைத்து, பல்லில் படாமல், நாக்கால் மேலண்ணத்தில் அழுத்திப் பார்த்தாள். நார் எதிர்த்தது. பத்தரைக்குப் பார்த்தாள், பாதி மசிந்தது. பதினொன்றரைக்கு அழுத்தியதும் அப்படியே கரைந்து தொண்டைக்குள் போயிற்று.

எனக்கு வேண்டிய அளவு கிடைத்துவிட்டது. ஆனால் அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். எட்டு வருடமாக அவளுக்கு இருந்தது கோபம் இல்லை, பயம். இப்படியே ஒருவரையொருவர் ஒன்றும் கேட்காமல் செத்துப்போய்விடுவோமோ என்ற பயம்.

5

“குந்துண்ணா” என்றாள். சக்கரபாணி உட்கார்ந்தார். இலையில் குழைந்த சோறும் கறியும் விழுந்தன.

“பல்லு இல்லன்னு சொன்னேனேம்மா.”

தங்கம்மாள் தொடையெலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். ஒரு பொட்டுக் கறிகூட ஒட்டாமல் உருவிக்கொண்டு வந்தது. அதை இலை ஓரத்தில் வைத்தாள்.

“இதுக்குப் பல்லு வேணாம்.”

இனி முடிவு. மூன்று எழுதினேன்.

அவர் சாப்பிட்டார், கண் கலங்கினார். [எட்டு வருட வீம்பு ஒரு கவளத்தில் போகுமா? நீங்களே நம்பமாட்டீர்கள்.]

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். [சுவரில் எழுதியிருக்கிறது. அடுத்த பஸ் இரண்டு மணிக்கு.]

தூக்கில் ஊற்றிக் கொடு, வீட்டில் போய்ச் சாப்பிடுகிறேன் என்றார். [இது கோழைத்தனம். அவருடையது அல்ல, என்னுடை…

மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தால், தங்கம்மாள் எனக்காகக் காத்திருக்கவில்லை. அவளே பேசிக்கொண்டிருந்தாள்.

“சாப்புடு. இல்லன்னா எம்பொண்ண ஏன் குடுக்கலன்னு கேளு, ரெண்டு திட்டு திட்டு. எதுக்குனா ஒண்ணுக்கு வாயத் தொறண்ணா. இன்னிக்கி சும்மா மட்டும் எழுந்து போவாத.”

சக்கரபாணி எலும்பைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சுவரிலிருந்த பஸ் நேரத்தைக்கூட ஒரு தரம் பார்த்தார். பிறகு வாயைத் திறந்தார்.

எதற்கு என்று நான் எழுதப்போவதில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இரண்டில் எதுவானாலும் போதும்.