பக்கம் திருப்பும் சத்தம்

மொறிஸ் ஒரு ‘ம்’ சொன்னால் மனைவி வேரா ஒரு பக்கம் திருப்புவாள். இரண்டு வருடமாக அந்த வீட்டில் நடந்த வேலை அதுதான். நாவற்குடாவில் ஒரு வீட்டுக்குக் கூரை ஏற்றும்போது விழுந்த ஓடாவி, மரவேலைக்காரர், அவர். கழுத்துக்குக் கீழே மிஞ்சியது வலது கைப் பெருவிரலின் அசைவு மட்டும். மனுசன் புத்தகப் பைத்தியம். கொலைக் கதை என்றால் சோறு தண்ணி வேண்டாம். மகள் எறிக்கா மெல்பேணிலிருந்து ஒரு வாசிப்புக் கருவியில் நூறு புத்தகம் போட்டு அனுப்பியிருந்தாள். ஆனால் திரையைத் தொட ஒரு கை வேண்டுமே. வேரா கட்டிலருகே கதிரை போட்டு, ‘ம்’ கேட்டதும் விரலை வைப்பாள். இரண்டு ‘ம்’முக்கு நடுவில் ஊசியில் நூல் கோர்க்கலாம், ஒரு சட்டைக் கை தைக்க முடியாது.

மட்டக்களப்பு டவுனில் கல்யாணக் கவுன் என்றால் வேராதான் என்று இருந்த காலம் போய், தையல் மெஷின்மேல் மருந்துப் போத்தல்கள் ஏறிவிட்டன. அவள் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. மொறிஸ்தான் திறந்த கதவுக்குள்ளால் அந்தப் போத்தல்களைத் தினமும் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

போன நத்தாருக்கு, கிறிஸ்மஸ் பரிசாக, எறிக்கா ரிமோட் அனுப்பினாள். கருவியின் ஓரத்தில் ஒரு கவ்வி, பெருவிரலுக்கடியில் ஒரு பொத்தான். அமர்த்தினால் கவ்வி ‘டிக்’ என்று திரையைத் தட்டும், பக்கம் மாறும். மொறிஸ் வாசிக்காமலே பத்துப் பக்கம் தட்டித் தள்ளிவிட்டு வேராவைக் கூப்பிட்டார்.

“இனி நீ எனக்குப் பக்கம் திருப்பத் தேவையில்ல. அந்தப் போத்தல் எல்லாத்தையும் எடுத்துப் போட்டுட்டு, போய் மெஷின்ல இரு.”

அவள் போய் இருந்தாள். ஒரு மாதத்தில் பழைய ஆட்கள் துணியோடு வாசலுக்கு வந்தார்கள். நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் மெஷின், அந்தப் பக்கம் டிக். டிக் கேட்கும்வரை அவருக்கு ஒன்றுமில்லை என்று வேரா நிம்மதியாகத் தைத்தாள். பின்னேரம் சோறு ஊட்டும்போது அன்றைக்கு வாசித்த கதையை அவர் சொல்வார். ஒருநாள் கதையில் வந்த லண்டன் துப்பறிவாளன் பாலத்தடியில் வீச்சுவலை எறிந்தான்.

வெள்ளைக்காரனின் ஊரில் வீச்சுவலை எங்கே இருந்து வந்தது என்று வேரா கேலி செய்தாள். தமிழில் மொழிபெயர்த்தவன் மட்டக்களப்பான் போல என்று மொறிஸ் சமாளித்தார். அதற்குப் பிறகு கதைகள் நன்றாகத்தான் இருந்தன. இறால் பொரியல் வந்தது, பெரிய கோயில் மணி வந்தது, கவுன் தைக்கிற ஒருத்திகூட வந்து கொலைகாரனைப் பிடித்துக் கொடுத்தாள். வேரா சிரித்துச் சிரித்து ஊட்டினாள்.

மொறிஸுக்கு நீரிழிவும் இருந்தது. இந்தச் சீனி வருத்தம் கண்ணைப் பிடிக்கும், காட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். மொறிஸ் இரண்டு தடவை கிளினிக்கைத் தள்ளிப்போட்டார். கண் நல்லாத்தான் இருக்கிறது, நீ கவுனை முடி என்றார். அவளுக்கும் அது வசதியாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு கவுன் பின்னேரத்துக்குள் முடியவேண்டும். காலையில் அவசரமாகத் திரையைத் துடைத்துத் தாங்கியில் வைத்துவிட்டு மெஷினுக்கு ஓடினாள். டிக், டிக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு பிளேன்டியோடு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

எழுத்தெல்லாம் தலைகீழாக இருந்தது. அவள்தான் கருவியை மாற்றி வைத்திருக்கிறாள். மொறிஸ் அதைப் பார்த்தபடி கிடந்தார். கண்கள் இடமிருந்து வலம் போயின. பெருவிரல் அசைந்தது. டிக். இன்னொரு தலைகீழ்ப் பக்கம் வந்தது.

வேரா கிட்டப் போய், அவர் முகத்துக்கும் திரைக்கும் நடுவில் கையை நீட்டினாள். இமை அசையவில்லை.

கதையில் வீச்சுவலை வந்தது ஆடியில், மாமாங்கத் திருவிழாவுக்கு முந்திய கிழமை. இப்போது ஐப்பசி மழையே தொடங்கிவிட்டது. இத்தனை மாதமும் அவர் சொன்னதெல்லாம் சொந்தக் கதை. அவளுக்கு அழுகைக்கு முன்னே கோபம்தான் வந்தது. சொல்லியிருந்தால் கவுனாவது கிவுனாவது என்று தூக்கிப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை என்பதும் அவளுக்கு விளங்கியது.

“வேரா, மெஷின் ஏன் நிண்டிட்டு?”

“நூல் அறுந்திட்டு,” என்றாள். பிறகு, “கதை எப்பிடிப் போகுது?” என்று கேட்டாள்.

“நல்ல இடத்தில நிக்குது. பின்னேரம் சொல்றன். நீ போய்த் தை.”

திங்கட்கிழமை விடிந்ததும் அவரைக் கண் டொக்டரிடம் ஏற்றிக்கொண்டு போவதென்று முடிவெடுத்தாள். டொக்டர் என்ன சொல்வார் என்று அவளுக்கு இப்போதே தெரியும். தேத்தண்ணியைப் பருக்கிவிட்டு, கருவியை நேராக வைத்தாள். எதற்கு வைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மெஷினில் வந்து இருந்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வெள்ளைச் சாட்டினில் பட்டால் கறை போகாது. கவுனை மெதுவாக இழுத்துப் பக்கத்தில் வைத்தாள், நூலையும் உருவிவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. அவர் காது கொடுத்துக்கொண்டு கிடப்பார்.

வேரா வெறும் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள். துணியில்லாமல் ஊசி ஏறி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ‘டிக்’ என்று கேட்டது.