பனியில் போகும் இரண்டு பெண்கள்

மசுயோவுக்கு இரண்டு மணிக்கட்டும் விண்விண்ணென்று தெறித்தன. சிப்பி உடைக்கிற கைக்கு ஒரு நாள் சும்மா இருந்தால்தான் வலியே தெரியும். ஓவியக்கூடத்து வாசலில் கைகளைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இங்கே வர ஆசைப்பட்டவள், அவளோடு சிப்பி உடைக்கிற கினுயே. சிப்பிக் கொட்டகைச் சுவரில் போன வருஷக் காலண்டரின் ஜனவரித் தாளை இன்னும் யாரையும் கழற்ற விடவில்லை அவள். ஒரே குடைக்குள் இரண்டு பெண்கள் பனியில் நடந்துபோகிற படம். அதன் அசல் இந்தக் கூடத்தில்தான் இருந்தது. நீகாதாவில் கழுத்தளவு பனியில் பிறந்து, பனி விழுந்தாலும் ஒட்டாத இந்த ஹிரோஷிமாக் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவள். "இவளுங்க எங்கேடி போறாளுங்க?" என்று கேட்காத நாள் இல்லை.

பனிப்படத்தைக் குளிர்காலத்தில்தான் மாட்டுவார்கள். சிப்பிக்கும் அதுதான் காலம். ஒரே நாளில் இரண்டு பேருக்கு லீவு கிடைக்காது. குளிர்காலம் முழுக்கப் படம் தொங்கும் என்று இருவரும் நம்பியிருந்தார்கள்.

"நீ முதல்ல போய் வழி பார்த்துட்டு வா. உன் கூடைச் சிப்பியையும் நான் உடைக்கிறேன். அடுத்த வாரம் என் கூடையை நீ உடை. நான் பாட்டுக்குப் போய்த் தொலைஞ்சுட்டா, என் மருமக விருந்தே வைப்பா!" என்றிருந்தாள் கினுயே.

உள்ளே முதல் படத்தில் தங்கத் திரை நிறையக் கொக்குகள். அழகுதான், ஒன்றின் முகத்திலும் பசி இல்லை. அடுத்ததில் ஒருத்தி ஓடையில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள், விரல் நுனியெல்லாம் சிவந்து. வரைந்தவன் அந்தத் தண்ணீரில் கை வைத்திருக்கிறான் என்று மசுயோ நினைத்தாள். அவளுக்கு அது பிடித்துப்போயிற்று.

பிறகு பனிப்படம். இடது ஓரத்தில், காலண்டரில் இல்லாத ஒரு வீடு. கூரையில் புகை. கதவு திறந்திருந்தது. கால் கடுக்கும்வரை நின்றாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. இன்னைக்குத்தான் கடைசி" என்றான் காவலுக்கு நின்றவன். "சாயங்காலம் கழட்டிடுவோம்."

"அடுத்த வாரம்?"

"வெளிச்சம் பட்டா வர்ணம் வெளுத்துடும்மா. இனி நாலஞ்சு வருஷம் உள்ளே ஓய்வுதான்."

பொழுது சாயக் கொட்டகைக்குத் திரும்பினாள். இரண்டு கூடைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கினுயே நிமிர்ந்தாள்.

"எங்கே போறாளுங்க?"

"ஒரு வீட்டுக்குக்கா. காலண்டர்காரன் வெட்டித் தொலைச்சுட்டான். புகை வருது. கதவு திறந்திருக்கு."

கினுயேயின் முகம் மலர்ந்துவிட்டது. "போதும், வாயை மூடு. மிச்சத்தை நானே பார்த்துக்கறேன்."

"அக்கா... கழட்டிட்டாங்க. நாலஞ்சு வருஷம் ஆகுமாம். ஓய்வாம்."

கினுயே கையிலிருந்த சிப்பியை உடைத்துச் சதையை வாளியில் போட்டாள்.

"ஓய்வா? படமாப் பொறந்திருக்கணும்டி நாம."

அடுத்த சிப்பியை எடுத்தபடி கேட்டாள். "கதவுகிட்ட யாராவது நின்னாங்களா?"

"தெரியலக்கா. உள்ளே இருட்டா இருந்துச்சு."

"அடிப்பாவி, அதைப் பார்க்காம என்னத்தைப் பார்த்தே?"

மசுயோ கினுயேயின் கூடையைத் தன் பக்கம் இழுத்தாள். கினுயே காலால் அதைத் தடுத்தாள்.

"விடு. லீவு போட்டுட்டு நான் எங்கே போகட்டும்?"

இருவரும் குனிந்து உடைத்தார்கள். கினுயேவுக்கு மசுயோ ஒரு நாள் வேலை பாக்கி.