பூமயில் வாசிக்காத பக்கங்கள்

தங்கசாமி முதுகுளத்தூர் நூலகத்துக்குள் முதன்முதலாகப் போனது, பத்து வயது மகள் பூமயிலின் காரியம் முடிந்த பிறகுதான். அவர் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர், எழுத்து தெரியாது. மகள் எடுத்து வந்திருந்த கதைப்புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார்.

காய்ச்சலில் விழும்வரை பூமயில் தினமும் சாயங்காலம் அதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். ஒரு பெரிய ஓக் மரத்தில் குடியிருந்த ஆந்தையையும் அணில்களையும் பற்றிய கதை அது.

“ஓக் மரம் எப்படிய்யா இருக்கும்?” என்று ஒருநாள் கேட்டாள்.

“ஆலமரம் கணக்கா இருக்கும்த்தா” என்று அவர் தெரியாமலே சொல்லிவைத்தார்.

நூலகர் சேதுலட்சுமி புத்தகத்தை வாங்கினார்.

“பிள்ள பாதியிலேயே விட்டுட்டுப் போயிருச்சும்மா. மிச்சத்த வாசிச்சுச் சொல்றீகளா?”

சேதுலட்சுமி அவரை உட்காரவைத்து வாசித்தார். முடிவு நெருங்கியபோது அவர் குரல் தயங்கியது. புயலில் ஓக் மரம் வேரோடு சாய்ந்தது. ஆந்தை எங்கோ பறந்துபோனது. அணில்கள் விதை புதைத்த இடத்தில் ஒரு கன்று முளைத்தது.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான் அய்யா. அதான் கன்னு முளைச்சிருச்சே.”

“அந்த மரம் போனது போனதுதானம்மா” என்ற தங்கசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, “முதல்ல இருந்து ஒருக்கா வாசிங்கம்மா. மரம் சாயுறதுக்கு முந்தி நிப்பாட்டிருங்க” என்றார்.

சேதுலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பக்கத்தைப் பிரித்தார்.